மழைத்தண்ணீர் மட்டும்

பதினொன்றரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இப்போது பத்தரை. செடிக்குக் காலையிலேயே தண்ணீர் தெளித்தாயிற்று, இன்னொரு தடவை தெளித்தால் என்ன என்று கை தெளிப்பானைத் தேடுகிறது, கூடாது, அடிக்கடி தெளித்தால் இலை இடுக்கில் தண்ணீர் நின்று அழுகிவிடும் என்று அவர்தான் சொன்னார், எல்லாம் அவர்தான் சொன்னார், இந்தக் குடுவைச் செடியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் டாக்டர் தனுஷ்கோடி செல்போன் வழியாக என் காதுக்குள் சொன்னது. பாளையங்கோட்டையில் இந்த மாடி வீட்டின் கிழக்கு ஜன்னலில், என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, வெயில் நேராக அடிக்காமல் வெளிச்சம் மட்டும் விழும்படி தொங்கவிட்டிருக்கிறேன். ஏழு குடுவைகள். மூன்று நன்றாக முற்றியவை, என் நடுவிரல் நீளம், பச்சையில் சிவப்பு வரி ஓடியவை, வாய் விளிம்பு மட்டும் வெற்றிலை போட்ட உதட்டு நிறம். இலை நுனி நூலாக நீண்டு, நூல் முனை மொட்டாகத் தடித்து, மொட்டு வீங்கிக் குடுவையாகி, உள்ளே தானே தண்ணீர் ஊறி, ஒரு நாள் காலையில் மூடி திறக்கும். அதைப் பார்க்கத்தான் வருகிறார். அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "கிரேஸ் அம்மா, பாளையங்கோட்டை வெக்கையில இப்படி வளர்த்திருக்கீங்கன்னா நேர்ல பார்த்தே ஆகணும். அங்க ஒரு கல்யாணத்துக்கு வாரேன், சாப்பிட்டதும் ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்." கிரேஸ் அம்மா. என் முழுப்பெயர் கிரேஸ் புஷ்பம். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவருக்குக் கீழே ஆறு வருஷம் நான் புஷ்பம் சிஸ்டர். பொய் சொல்லவில்லை, பாதிப் பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான். குரலையும் காட்டவில்லை, அவர் குரலில் அனுப்புவார், நான் எழுத்தில்தான் கேட்பேன். சமையற்கட்டில் தட்டை மூடி வைத்திருக்கிறேன். எள்ளுருண்டை, பதினாறு. ஈ வராமல் மூடியிருக்கிறேன். போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா, வேண்டாம், அது அங்கேயேதான் இருக்கும், உருண்டை எங்கே ஓடப்போகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டிலில் கிடக்கும் ஒரு பெரியவருக்கு உடம்பு துடைத்துவிடப் போன வீட்டில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதுதான் இப்போது என் வேலை, எந்த ஆஸ்பத்திரியும் எடுக்காத பிறகு, வீடு வீடாகப் போய் படுத்துக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டிப் புரட்டிப் போட்டுப் புண்ணுக்கு மருந்து வைப்பது. பெரியவருக்கு அடியில் விரிக்க எடுத்த செய்தித்தாளில், பச்சை வலைக்குள் தொங்கும் சட்டிகளுக்கு நடுவே அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பூச்சி தின்னும் செடி வளர்க்கும் ஓய்வு பெற்ற மருத்துவர், குற்றாலம். ஆர்வமுள்ளவர்கள் சேரலாம் என்று கீழே ஒரு வாட்ஸ்அப் எண். அந்தச் சிரிப்பு. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பார்த்திராத பல்வரிசை. அந்தத் தாளை விரிக்கவில்லை, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். சேர்ந்தபோது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, கிட்டே போக வேண்டும், அது ஒன்றுதான் தெரிந்தது. அவரிடமே செடி வாங்கினேன். அட்டைப் பெட்டியில், ஈர நாரில் சுற்றி வந்தது, நான்கு குடுவைகளோடு. பதினைந்து நாளில் நான்கும் காய்ந்து சுருண்டுவிட்டன. நான் பதறிப்போனேன், ஏன் பதறினேன், செத்தால் சாகட்டும் என்றல்லவா இருந்திருக்க வேண்டும், ஆனால் நோயாளி கண்ணெதிரே நீலம் பாரித்ததைப் போல ஒரு பதற்றம், படம் எடுத்து அனுப்பினேன். உடனே குரல் வந்தது. "பயப்படாதீங்கம்மா. இடம் மாறி வந்த செடி பழைய குடுவையை எல்லாம் விட்டுரும். குடுவையைப் பார்க்காதீங்க, இலையைப் பாருங்க. நடுவில புதுசா ஒரு குருத்து வருதா? அப்ப உயிர் இருக்கு. என்ன தண்ணி ஊத்துறீங்க?" போர் தண்ணீர் என்று எழுதினேன். "அய்யய்யோ. உப்புத்தண்ணி இதுக்கு விஷம். மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க. மழை இல்லேன்னா ஏசி மெஷின்ல சொட்டுற தண்ணி. வேற எதுவும் கூடாது. உரமும் போட்டுராதீங்க, பசியிலேயே வளர்ந்த ஜாதி இது." எவ்வளவு பொறுமை. எவ்வளவு பொறுமை ஒரு செடிக்கு. தூத்துக்குடி வார்டிலிருந்து நான் கூப்பிட்ட அன்றைக்குப் போனில் அவர் பேசியது எத்தனை வினாடி இருக்கும், பத்து, பன்னிரண்டு. பின்னணியில் தட்டில் கரண்டி படும் சத்தம். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மூன்று மணி. இசக்கியம்மாளுக்கு இருபத்து மூன்று வயது, பிரசவம் முடிந்து இரண்டாம் நாள், உப்பளத்தில் வேலை பார்க்கிற குடும்பம், பெண் பிள்ளை, அம்மாவின் விலாவோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. காய்ச்சலுக்கு டாக்டர் ஊசி எழுதியிருந்தார். நான் மருந்தை ஊசியில் உறிஞ்சிக்கொண்டு போனபோது இசக்கியின் அம்மா மருந்துக் குப்பியை உற்றுப் பார்த்து, இந்த ஊசி போட்டுத்தான் போன வருசம் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிட்டு தாயி, பெரியாஸ்பத்திரியில இனிமே இதைப் போடக்கூடாதுன்னாங்க என்றாள். நான் போடவில்லை. போடவில்லை, தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போன் செய்தேன். டாக்டர், ஏழாம் நம்பர் பேஷன்ட்டுக்கு இந்த ஊசி முன்னால அலர்ஜி ஆயிருக்காம், அவங்க அம்மா சொல்லுதாங்க. கரண்டிச் சத்தம். "ஊர்ல எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. உங்களுக்குப் புதுசா? ஒண்ணும் ஆகாது, போடுங்க சிஸ்டர்." டாக்டர், டெஸ்ட் டோஸாவது என்று நான் ஆரம்பித்தபோது போன் வைக்கப்பட்டுவிட்டது. கேஸ் ஷீட்டில் எழுதினேன். மூன்று வரி. அலர்ஜி இருந்ததாகத் தாய் கூறினார், டாக்டரிடம் போனில் தெரிவிக்கப்பட்டது, மருந்தைப் போடும்படி உத்தரவு. நேரம், கையெழுத்து. எழுதிவிட்டுப் போட்டேன். இங்கே வந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் நினைப்பு ஓடி ஓடி இந்த வார்த்தையில் வந்து இடறும், போட்டேன். எழுதிவிட்டேன் என்ற தைரியத்தில் போட்டேனா. எழுதியது அவளைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா. ஊசியை எடுத்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் கழுத்தில் கை வைத்தாள். "சிஸ்டர், தொண்டைய என்னமோ பிடிக்கு." உதடு தடித்தது. நாக்கு தடித்தது. அவசர மருந்து இருந்த அலமாரியின் சாவி இன்னொரு சிஸ்டரிடம், அவள் கீழே ஓ.பி.யில். ஓடினேன். திரும்பி வந்தபோது குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

டாக்டர் வந்தார், பார்த்தார், கையைக் கழுவினார். இசக்கியின் புருஷன் என்னை நடைபாதையில் வைத்து அறைந்தான், காது ஒரு வாரம் இரைந்துகொண்டே இருந்தது, அவனை நான் குறை சொல்ல மாட்டேன், அவன் அறைந்தது சரி என்று அப்போதே தோன்றியது, ஆனால் நடைபாதையின் கடைசியில் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் இடுக்கு விரல் இடுக்காகக் கழுவினார். விசாரணையில் கேஸ் ஷீட்டை எடுத்தார்கள். என் மூன்று வரி இருந்த தாள் இல்லை. அந்த இடத்தில் புதுத் தாள், சுத்தமான தாள், நேரம் எல்லாம் சரியாக எழுதி, கடைசியில் மருந்து செலுத்தியவர் என்று என் பெயர் மட்டும். "நர்ஸ் என்கிட்ட எதையும் கேட்கல. கேட்டிருந்தா நான் போடச் சொல்லியிருப்பேனா?" என்றார், என்னைப் பார்த்தல்ல, எதிரே இருந்தவர்களைப் பார்த்து, வருத்தப்பட்ட முகத்தோடு. எவ்வளவு நன்றாக வருத்தப்பட்டார். மாலைப் பேப்பரில் என் படம் வந்தது. வேலை போயிற்று, நர்ஸ் பதிவும் போயிற்று, தூத்துக்குடியை விட்டு வந்தோம். ஒரு தடவை சர்ச் வாசலில் ஒருத்தி தன் பிள்ளையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள், நான் ஊசியோடு நிற்கிற மாதிரி. பதினொரு வருஷம். அந்தப் பெண் பிள்ளை ஆறாம் வகுப்பு படிக்கும். யார் பின்னல் போட்டுவிடுகிறார்களோ. இதைப் பற்றி அவருக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்குமா, அந்தப் பச்சை வலைக்குள் நின்று ஒவ்வொரு குருத்தாகத் தொட்டுப் பார்க்கும்போது, வாடிய இலையைக் கிள்ளும்போது. பதினொன்று ஆகப்போகிறது. கீழே கேட் சத்தம். இல்லை, பால் கேன் எடுக்க வந்தவன்.

எள்ளுருண்டைக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாசத்துக்கு முன்னால் குழுவில் மதுரைக்காரர் ஒருவர் கேட்டார், தேங்காய் மட்டைத் துண்டு கிடைக்கவில்லை, நிலக்கடலைத் தோல் போட்டுச் செடி வைக்கலாமா என்று. அதற்கு டாக்டர் அனுப்பிய குரல். "அது சீக்கிரம் மக்கிரும், வேண்டாம். அதோட ஒரு சொந்த விஷயம், கடலைன்னாலே எனக்கு ஆகாது. தோட்டத்துப் பக்கமே விடமாட்டேன். சின்ன வயசில ஒரு தடவை தொண்டை அடைச்சுச் செத்துப் பிழைச்சேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. தொண்டை அடைச்சு. பஸ்ஸில் கேட்டேன், பெரியவர் ஒருவரைப் புரட்டிப் போட்டுவிட்டு மூச்சு வாங்குகிற நேரத்தில் கேட்டேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டேன். தொண்டை அடைச்சு. இன்று என் வீட்டுக்காரர் டெப்போவுக்குக் கிளம்பும்போது அடுப்பில் கடலை வறுபட்டுக்கொண்டிருந்தது. "என்ன இன்னைக்குப் பலகாரமெல்லாம்?" என்றார். செடிக்கார டாக்டர் வாராரு என்றேன். அந்த டாக்டர்தான் இந்த டாக்டர் என்று அவருக்குத் தெரியாது, செடிக்காரர் பெயரைச் சொன்னதில்லை. "ஈ திங்குற செடிக்கு மழைத்தண்ணி, அது டாக்டருக்குப் பலகாரம். நமக்கு என்னமும் உண்டா?" என்று சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். ஊரே காறித் துப்பியபோது, அவ எழுதித்தான் வச்சா, நான் நம்புறேன் என்று சொன்ன ஒரே ஆள். அவர் படி இறங்கின பிறகு வறுத்த கடலையைத் தோல் நீக்கி மிக்சியில் நைசாகப் பொடித்தேன். எள்ளோடும் கருப்பட்டியோடும் சேர்த்து இடித்தேன். கருப்பட்டி வாசனையும் எள் வாசனையும் சேர்ந்தால் கடலை எங்கே தெரியும். பிடித்துப் பிடித்து வைத்தேன். எல்லாம் ஒரே அளவு. கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது, கை நடுங்காதது.

பதினொன்றே கால். ஒரு உருண்டை போதும். உதடு முதலில் அரிக்கும், அவர் நாக்கால் தடவிக்கொள்வார், அப்புறம் கழுத்துக்குக் கை போகும், என்னைப் பார்ப்பார். அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒண்ணும் ஆகாது டாக்டர், ஊர்ல எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. அப்புறம் என்ன, ஆம்புலன்ஸ் கூப்பிடுவேனா, கூப்பிடுவேன், மெதுவாகக் கூப்பிடுவேன். சாவி கீழே ஓ.பி.யில் இருக்கிறது என்பேன். யாரும் என்னைக் கேட்க முடியாது, எள்ளுருண்டை செய்தேன், அவருக்கு ஆகாதென்று எனக்கெப்படித் தெரியும், குழுவில் இருநூறு பேர், எல்லாருக்கும் எல்லாக் குரலும் கேட்டா இருக்கும். கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனா என்பேன், வருத்தப்பட்ட முகத்தோடு. இதே வார்த்தை. அவருடைய வார்த்தை என் வாய்க்கு எவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது. தட்டை எடுத்துக் கொட்டிவிடலாமா. எதற்குக் கொட்ட வேண்டும். இசக்கி, நீ சொல்லு. நீ சொல்ல மாட்டாய், உனக்குக் கடைசியாகத் தெரிந்த முகம் என் முகம்தான், ஊசியோடு நின்ற முகம், நீ வந்து கழுத்தைப் பிடிப்பதானால் அவர் கழுத்துக்கு முன்னால் என் கழுத்துக்குத்தான் வருவாய். ஒரு தடவை இந்தச் செடிக்குச் சீக்கிரம் வளரட்டும் என்று செத்த கரப்பானை அப்படியே குடுவைக்குள் போட்டேன். மூன்று நாளில் குடுவை கருத்து நாறிப்போயிற்று. "அளவுக்கு மேல குடுத்தா அதால செரிக்க முடியாதும்மா, தானும் சேர்ந்து அழுகிரும்" என்றார். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. அழைப்பு மணி. அழைப்பு மணிதான்.

பட்டு வேட்டி, கையில் தாம்பூலப் பை. மெலிந்திருந்தார், தலை முழுக்க வெள்ளை, படி ஏறிய மூச்சு. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஆறு வருஷம் எனக்கு முன்னால் நடந்து போன ஆள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், கண்ணில் ஒன்றும் அசையவில்லை. நான் இளைத்திருக்கிறேன், நரைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன், அது மட்டுமல்ல, தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தை அவர் அன்றைக்கும் பார்த்ததில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார்.

"அடேயப்பா. என்கிட்ட இருக்குற தாய்ச்செடியில கூட இப்படி நிறம் வரல. இதுக்குள்ள நீங்க எதுவும் போடலியே?"

"இல்ல டாக்டர். தானா எறும்பு விழும்."

"அதான் சரி." உள்ளங்கையில் ஒரு குடுவையை ஏந்திப் பார்த்தார், குழந்தையின் முகவாயை ஏந்துகிற மாதிரி. "நிறையப் பேரு வாங்கிட்டுப் போயி ஒரே மாசத்துல கொன்னுட்டு எனக்குப் போன் பண்ணுவாங்க. நீங்கதான் சொன்னதக் கேட்டீங்க. சொன்னதக் கேக்குறவங்க ரொம்பக் குறைச்சல்."

சொன்னதைக் கேட்டேன். ஆமாம், எப்போதும் கேட்டேன். சமையற்கட்டுக்குப் போனேன், தட்டையும் தண்ணீரையும் எடுத்தேன். ஸ்டூலில் வைத்தேன்.

"எதுக்கும்மா, கல்யாணச் சாப்பாடு இப்பதான். சரி, ஆசையா செஞ்சிருக்கீங்க." ஒன்றை எடுத்தார். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். "எள்ளு மட்டும்தானே? கடலை கிடையாதே? எனக்கு அது ஆகாது, கேட்டுக்கிட்டுத்தான் எதையும் வாயில வைப்பேன்."

கேட்டுக்கிட்டுத்தான். கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை, மூன்று மாசம் யோசித்ததில் இது மட்டும் இல்லை. தன் தொண்டை என்றால் கேட்கத் தெரிகிறது. கேட்டால் கிடைக்கும் பதிலை நம்பவும் தெரிகிறது. எள்ளு மட்டும்தான் டாக்டர் என்று சொன்னால் போதும். ஒரே மூச்சு. உருண்டை அவர் உதட்டுக்கும் என் வார்த்தைக்கும் நடுவில் நிற்கிறது, கருப்பட்டி பளபளக்கிறது, அவர் என் வாயையே பார்க்கிறார், நம்பிக்கையோடு, ஏழாம் நம்பர் கட்டிலிலிருந்து ஒருத்தி என் கையைப் பார்த்தாளே அதே நம்பிக்கையோடு. சொல்லு. சொல்லு புஷ்பம். எள்ளு மட்டும்தான். நாக்கு புரண்டது.

"கடலை இருக்கு, டாக்டர்."

என் குரல்தான். ஆனால் இந்த வீட்டில் பேசுகிற குரல் இல்லை, வார்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசிய குரல். அவர் சட்டென்று உருண்டையைத் தட்டில் போட்டார், விரலை விரித்துப் பிடித்துக்கொண்டு, கை எங்கே கழுவ என்று பார்த்தார், நான் வாஷ்பேசினைக் காட்டினேன். விரல் இடுக்கு விரல் இடுக்காகக் கழுவினார்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. சொல்லாட்டி இன்னேரம் என்னைத் தூக்கிட்டு ஓட வேண்டியிருக்கும்."

"சொன்னாலும் சில பேரு போயிருதாங்க டாக்டர்."

"என்னது?"

"அன்னைக்கும் நான் சொல்லத்தான் செஞ்சேன். தூத்துக்குடியில. மத்தியானம் மூணு மணிக்கு, போன்ல. இந்த ஊசி அந்தப் பிள்ளைக்கு ஆகாதாம்னு சொன்னேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒண்ணும் ஆகாது போடுங்கன்னீங்க. எழுதியும் வச்சேன். அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வேற தாள் வச்சீங்க."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக்கையோடு திரும்பினார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். இந்தப் பார்வைக்காகத்தான் ஒரு செடியை வளர்த்தேன், ஒவ்வொரு மழைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். யார் நீ என்று கேட்டால் ஒரு பதில், மன்னித்துவிடு என்றால் ஒரு பதில், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றால் அதற்கும் ஒரு பதில், எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கண் என் நெற்றியில், மூக்கில், வாயில் எதையோ தேடிக்கொண்டு அலைந்தது. அப்புறம் மெல்ல, கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி,

"வடிவு..." என்றார். "நீ சுடலைவடிவு சிஸ்டர்தான?"

எனக்குப் புரியவில்லை. புரிந்துவிட்டது, ஆனால் இன்னும் முழுதாக உள்ளே இறங்கவில்லை.

"வடிவு யாரு?"

அப்போதுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. முகம் மூடிக்கொண்டது. கையைத் துடைக்காமலே தாம்பூலப் பையை எடுத்தார்.

"கார் நிக்குது. இன்னொரு நாள் பேசுவோம்."

"டாக்டர், வடிவு யாரு?"

செருப்பை மாட்டினார். படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் படியின் தலைப்பில் நின்று கத்தினேன், பதினொரு வருஷத்தில் நான் இப்படிக் கத்தியதே இல்லை, "அவ எழுதுன தாளையும் கிழிச்சீங்களா? சொல்லிட்டுப் போங்க! எத்தனை தாளைக் கிழிச்சீங்க?" கீழ் வீட்டு அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

குழாயை மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் ஒருத்தி என்றல்லவா நினைத்திருந்தேன். உலகத்திலேயே எனக்கு மட்டும் நடந்தது என்று, அதனால் என்னிடமே ஏதோ குறை என்று, ஊசியை நான் பிடித்த விதத்தில், போனில் நான் பேசிய விதத்தில், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால், இன்னும் ஒரு தடவை போன் செய்திருந்தால் என்று ராத்திரியும் பகலும் அந்த ஒரு மத்தியானத்தையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது பழக்கம். தாளை எடுப்பதும் தாளை வைப்பதும் பழக்கம். என்னை மறந்தது கூட இல்லை, இன்னொருத்தியோடு குழப்பிக்கொண்டார். ஒரு உருண்டையில் முடித்துவிடப் பார்த்தேனே, அவர் தொண்டையோடு வடிவு என்கிற பெயரும் அடைத்துப் போயிருக்குமே. கோபம் போகவில்லை. போகுமா. முன்பு அது நெஞ்சில் ஒரே இடத்தில் கிடந்து கனக்கும், இப்போது எழுந்து நின்று எங்கே போக வேண்டும் என்று கேட்கிறது. தூத்துக்குடியில் எங்கள் வார்டில் ஆயாவாக இருந்த மரியதங்கம் அக்காவின் எண் பழைய டைரியில் இருந்தது. பதினொரு வருஷமாக அந்த எண்ணைக் கூப்பிட்டதில்லை. அவளே பல தடவை கூப்பிட்டாள், நான் எடுத்ததில்லை.

"ஏ புஷ்பம், நீயா? உசிரோடதான் இருக்கியா?" என்றாள் அக்கா. வடிவு யார் என்று கேட்டேன். "ஆறுமுகநேரிக்காரி. நீ போயி ரெண்டு வருசத்துல வந்தா. அவளுக்கும் ஒன்ன மாதிரியே ஆயிட்டு. அதச் சொல்லத்தாம்மா ஒனக்கு எத்தனை போனு போட்டேன், நீ எடுத்தாத்தான?" நம்பர் இருக்கிறதா என்றேன். ஒவ்வொரு எண்ணாக, பேத்தியை வாசிக்கச் சொல்லிச் சொன்னாள். டைரியின் கடைசித் தாளில் எழுதினேன்.

உடனே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள், நான் எடுக்காத மாதிரி அவளும் எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"யாரு?"

"சுடலைவடிவு சிஸ்டரா?"

"சிஸ்டர்னு யாரும் இப்ப கூப்பிடுறதில்ல. நீங்க யாரு?"

"புஷ்பம். நானும் தனுஷ்கோடி டாக்டர்கிட்ட இருந்தவதான். இன்னைக்கு அவரு வாயாலயே உங்க பேரைக் கேட்டேன். நான் கேஸ் ஷீட்டுல எழுதி வச்சிருந்த தாளை..."

அவள் முடிக்க விடவில்லை. அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க தாளைக் கிழிச்சது எந்த வருசம்?"